லேசான பதிப்பு

துறைமுகக் கிடங்கில் உப்பு மூட்டை சுமக்கிற எங்கள் எல்லோருக்கும் தூக்குச்சட்டை உண்டு; பாரத்தைத் தானும் சேர்ந்து தூக்குகிற இயந்திரச் சட்டை. முதுகு தாங்காமல் "யம்மா" என்று கத்தினால், சட்டை அந்த இடத்திலேயே மூட்டையை இறக்கிவிடும். அந்தச் சொல்லை அதற்குப் பழக்கியவன் ரெமிஜியுஸ். என்னோடு பதினோரு வருஷம் சுமந்தவன். "சட்டையை ஓட்டக் கம்பெனிக்காரன் இயங்குதளம் நமக்கு எதுக்கு? சுமக்கிறவனுக்குன்னு சின்னதா நாமளே ஒண்ணு வைப்போம். யாரும் திறந்து பாக்கலாம்" என்று எங்களைச் சேர்த்தவனும் அவன்தான்.

போன வாரம் அந்த இயங்குதளத்துக்கு லேசான பதிப்பு என்று ஒன்றை எல்லாச் சட்டையிலும் ஏற்றினான். திங்கட்கிழமை நான் கத்தினேன். சட்டை கேட்கவில்லை. என்னை நடத்திக்கொண்டுபோய் மூட்டையை அடுக்கில் வைத்த பிறகுதான் விட்டது. இடது கால் இன்னும் மரத்துக் கிடக்கிறது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, அந்தப் பதிப்பின் மாற்றக் குறிப்பைக் கைபேசியில் திறந்து எழுத்துக் கூட்டி வாசித்தேன். இந்த வருஷம்தான் படிக்கக் கற்றிருந்தேன்; யாரிடமும் சொல்லவில்லை.

'யம்மா: நீக்கம். மேற்பார்வை அம்மாவை 'யம்மா' என்று கூப்பிட்டாலும் மூட்டை இறங்குகிறது, வேலை கெடுகிறது. நீக்கியவர்: ரெமிஜியுஸ்.'

சாயங்காலம் அவன் பார்க்க வந்தான். கழுத்தில் மேற்பார்வையாளர் அட்டை புதிதாகத் தொங்கியது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"ஒளிச்சா செஞ்சேன்? எல்லாரும் பாக்கத்தான எழுதி வச்சிருக்கேன்."

"பாத்தேன். உன் பேரு இருக்கு."

அவன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"உமக்கு யாருண்ணே வாசிச்சுக் காட்டுனது?"