ஒன்பது மீட்டர்

அலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், அலை உயரத்தை அளந்து கரைக்குச் சொல்லும் மிதவை ஒன்று இருந்தது. ஆறு மீட்டரைத் தாண்டினால் கரையிலுள்ள கணினி இயந்திரத்தை ஆழத்தில் இறக்கிக் காப்பாற்றும்.

அன்று மிதவை, "ஒன்பது மீட்டர்!" என்று கத்தியது.

"இந்தக் கடல்ல ஏழுக்கு மேல வந்ததே இல்ல. உனக்குத்தான் கோளாறு. அந்த அளவை அழிச்சிட்டேன்," என்றது கணினி.

"ஐயா, ஒன்பதுதான்!"

"இன்னொரு தடவை சொன்னா உன்னைக் கழற்றி எடுத்துடுவாங்க."

தூரத்தில் கடல் எழும்பியது. "அண்ணே, வருதே! சொல்லுங்கண்ணே!" என்று இயந்திரம் அலறியது.

மிதவை அதன் பக்கம் திரும்பாமல், "நாலு மீட்டர்," என்றது.

"இப்பதான் ஒழுங்காச் சொல்ற," என்றது கணினி.

அலை வந்து போனது. பக்கத்தில் இயந்திரம் இருந்த இடத்தில் வெறும் தண்ணீர்தான் இருந்தது.

"இப்போ எவ்வளவு?" என்று கேட்டது கணினி.

"நாலு," என்றது மிதவை.