நின்றுபோன ஆட்டம்

கதிரேசன் தன் நூறாவது கோலை அடித்துவிட்டு, ஹாக்கி மட்டையைத் தூக்கிப் பிடித்தபடி பாதி மைதானம் ஓடி வந்து விழுந்தான். பிறகு எழவில்லை. ஆட்டத்தை அங்கேயே நிறுத்தி, அடுத்த வாரம் முதலிலிருந்து ஆடினார்கள். சீசன் பதிவேடு அச்சுக்குப் போகிற அன்று அவன் மனைவி அமலி, அதைத் தொகுக்கும் சிதம்பரத்தின் மேசை முன் வந்து நின்றாள். சாதனைகளின் பக்கத்தில் அவன் பெயர் இல்லை.

"அண்ணாச்சி, அந்தக் கோலு விழுந்துச்சா இல்லியா?"

"விழுந்துச்சும்மா. நானே எந்திச்சு நின்னு கத்துனேன்."

"அப்ப எழுதுங்க."

"பாதியில நின்ன ஆட்டம் கணக்குல வராதும்மா. அது நடக்கவே இல்லங்கதுதான் விதி. எழுதுனா லீக்குல என்னைய உண்டு இல்லன்னு ஆக்கிருவாங்க."

அமலி தாள்களைத் தன் பக்கம் இழுத்துப் புரட்டினாள். கடைசித் தாளில், கறுப்புக் கட்டத்துக்குள், அவன் படத்துக்குக் கீழே, 'ஆட்டத்தின்போது களத்தில் காலமானார்' என்று இருந்தது. அதன்மேல் விரலை வைத்தாள்.

"ஆட்டமே நடக்கலன்னா இது மட்டும் எப்படி நடந்துச்சு? இதையும் அடிச்சிருங்க அண்ணாச்சி."

சிதம்பரம் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார்.

அமலி சட்டென்று முடியை ஒதுக்கிக்கொண்டு, அவன் வருகிற நேரம் போல வாசலைப் பார்த்தாள்.