காதோடு சொன்ன பெயர்

திருவொற்றியூர் குப்பத்தில் மீன் விற்கும் பவானியின் கணவன் திருமுருகன் கடலில் மூழ்கி இறந்து ஒரு வருஷமாகிறது. அன்று காலை அவள் போனைத் திறந்தபோது, சீட்டாட்டச் செயலியின் விளம்பரத்தில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"நெத்திலி, வா, ஆடலாம்."

அது அவள் காதோடு மட்டும் அவன் சொன்ன செல்லப் பெயர். போனில்கூட ஒருநாளும் அப்படி அழைத்ததில்லை.

நிறுவனத்துக்குப் புகார் அனுப்பினாள். விளம்பரம் விதிகளை மீறவில்லை என்று உடனே பதில் வந்தது.

பக்கத்து வீட்டு நர்மதா தயங்கியபடி வந்தாள். "அக்கா, என் போன்லயும் மாமா வர்றாரு. தெருவுல எல்லாரையும் நெத்திலின்னுதான் கூப்டுகினு கீறாரு."

பவானி போனை முகத்தருகே தூக்கிப் பிடித்தாள்.

"ஏன்யா, அந்தப் பேரையும் வித்துட்டியா?"

விளம்பரத்தின் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. திருமுருகன் சிரிப்பதை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.