திரும்பி வராத மரங்கொத்தி

காட்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஓணான்தான் அதிகாரி. எந்தப் பக்கம் வேலை நிலவரம் எப்படி என்பதெல்லாம் தனக்கு அத்துப்படி என்று அதற்கு நினைப்பு.

குஞ்சுகளைப் பசியோடு விட்டுவிட்டு ஒரு மரங்கொத்தி வேலை கேட்டு வந்தது.

"மூங்கில் காட்டுக்குப் போம்மா. நான் அனுப்பின அத்தனை பேரும் சாயங்காலமே பத்திரமா திரும்பிட்டாங்க," என்றது ஓணான்.

"மாந்தோப்பு எப்படி சார்?"

"அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுத்துடாதே! போனவங்கள்ல ஒருத்தர்கூடத் திரும்பி வரலை."

"நீங்க போய்ப் பார்த்தீங்களா சார்?"

"நான் போயிட்டா ஆபீஸை யாரு பார்க்கிறது?"

மரங்கொத்தி தலையாட்டிவிட்டு மாந்தோப்புக்கே பறந்தது.

மறுவாரம் அணில் வேலை கேட்டு வந்தது. மாந்தோப்பிலிருந்து டொக் டொக்கென்று ஓயாமல் சத்தம். பேச முடியாமல் ஓணான் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தியது.

"போன வாரம்கூட ஒரு மரங்கொத்தி மாந்தோப்புக்குப் போச்சு," என்றது. "பாவம், வரவே இல்லை."