இறக்கையில் புதுத் தையல்

துரைசிங்கத்தின் கையிருப்புக்கு துணி இறக்கை வைத்த அந்தப் பழைய இரண்டு இருக்கை விமானம் ஒன்றுதான் கட்டுப்படியானது. இறக்கைத் துணியைத் தடவிப் பார்த்தார். ஓரிடத்தில் தையல் புதிதாக இருந்தது.

“எங்கயாவது மோதுச்சா?”

“இல்லீங்க,” என்றான் விற்கிற லாசர்.

“அப்ப ஒரு சுத்து ஓட்டிக் காட்டுங்க.”

அவன் பதில் சொல்வதற்குள் அவன் மனைவி பிலோமினா தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டாள். “நான் ஓட்டுறேன் சார். ரெண்டு மாசமா இவரு என்னை இதுகிட்டயே விடல.”

விமானம் மேலேறியது. துரைசிங்கம் லாசரைப் பார்த்தார். அவன் அண்ணாந்து பார்க்கவே இல்லை.

“இறக்கைக்குள்ள தாங்குற குழாய்ல விரிசல் விட்டிருக்கு சார். அவளுக்குத் தெரியாது.”

இருவரும் கைகளை ஆட்டிக் கத்தியபடி ஓடுதளத்தில் ஓடினார்கள். மேலிருந்து பிலோமினாவும் சந்தோஷமாகக் கையாட்டினாள். இன்னொரு சுற்றுக்கு விமானத்தைச் சாய்த்தாள்.