கொடுக்க வந்தவள்

டாக்டரம்மா அந்தக் காகிதத்தை முதலிலிருந்து இன்னொரு முறை படித்தார்.

என் மனைவி தைலம்மாள் பக்கத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். போன பொங்கலுக்கு எடுத்த புடவையைக் கட்டியிருந்தாள். ஆபரேஷன் இன்றைக்கே என்றாலும் போய்ப் படுத்துவிடுவாள் போலிருந்தது.

எனக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. சர்க்கரை வியாதி செய்த வேலை என்றார்கள். எட்டு மாதமாக வாரம் இரண்டு நாள் கச்சிராயபாளையத்திலிருந்து பஸ் ஏறி கள்ளக்குறிச்சிக்கு வருகிறேன். நாலு மணி நேரம் மெஷின் என் ரத்தத்தைச் சுத்தம் செய்து திருப்பித் தருகிறது.

சொந்தத்தில் யாராவது ஒரு சிறுநீரகம் கொடுத்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். அன்றைக்கே என் அண்ணன் தம்பிகள் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது.

தைலம்மாள் யோசிக்கவே இல்லை. ரத்த வகை சேர்ந்துவிட்டது என்று தெரிந்த அன்று, பெண்ணுக்கு மாப்பிள்ளை அமைந்தது போலத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

"எனக்குத்தான் ரெண்டு இருக்குதுங்களே. ஒன்ன எடுத்து இவருக்கு வச்சிடுங்க. எப்பன்னு மட்டும் சொல்லுங்க, கரும்பு வெட்டுற எடத்துல சொல்லிக்கினு வந்துடறேன்."

டாக்டரம்மா காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார்.

அவளுடையதும் கெட்டுப்போயிருந்தது. முக்கால் பங்கு.

தைலம்மாள் நம்பவில்லை. வலி இல்லை, வீக்கம் இல்லை, நேற்றுகூடக் கரும்பு வெட்டுக்குப் போய்விட்டுத்தானே வந்தாள்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். சிறுநீரகம் லேசில் வாய் திறக்காதாம். ராத்திரி பகல் பார்க்காமல் ரத்தத்தை வடிகட்டிக் கழிவை வெளியே தள்ளிக்கொண்டே இருக்குமாம். பாதி செத்துப்போனாலும் மீதிப் பாதி அத்தனை வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்யுமாம்.

தைலம்மாளைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிப்பாய் என்று கேட்டார். காலையில் ஒரு சொம்பு, வீட்டுக்கு வந்து ஒரு சொம்பு என்றாள். அவ்வளவுதான். வெட்டுக்குப் போகிற பெண்கள் யாருமே கரும்புக் கொல்லையில் தண்ணீர் குடிப்பதில்லை. வெட்ட வெட்ட மறைப்பு போய்விடும். சுற்றிலும் ஆண்கள். ஒதுங்கப் போனால் லாரி நிற்கிறது என்று மேஸ்திரி கத்துவான்.

வலி மாத்திரை ஏதாவது போடுவதுண்டா என்று அடுத்துக் கேட்டார்.

"தெனம் ஒன்னுங்க. இடுப்பு வலி ஜாஸ்தியா இருந்தா ரெண்டு. மேஸ்திரி குடுப்பாரு."

எந்த மேஸ்திரி என்று டாக்டரம்மா கேட்கவில்லை. தைலம்மாள் என் பக்கம் திரும்பவும் இல்லை.

பதினோரு வருஷமாக அந்த மேஸ்திரி நான்தான்.

என் கையில் பதினாறு ஆட்கள். விடிந்ததும் ஆளுக்கொரு மாத்திரை கொடுப்பேன். அதைப் போட்டுக்கொண்டால் குனிந்த இடுப்பு மதியம் வரை நிமிராமல் வெட்டும். அம்மாசி மேஸ்திரி ஆட்களைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்வான் என்று ஊரில் பெயர். நானும் அப்படித்தான் நம்பினேன்.

நான் படுத்த பிறகு எனக்கு அந்த மாத்திரை ஆகாது என்றார்கள். சர்க்கரைக்காரனுக்குத்தான் ஆகாது என்று எடுத்துக்கொண்டேன். வீட்டில் மற்றவர்களுக்கு உதவும் என்று டப்பாவைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

வெயிலில் தண்ணீர் இல்லாமல் வேலை செய்கிற உடம்புக்குத் தினமும் அந்த மாத்திரையைக் கொடுத்தால் எந்தச் சிறுநீரகமும் தாங்காது என்றார் டாக்டரம்மா. இனி ஒன்றுகூடப் போடக் கூடாது, மிச்சமிருப்பதையாவது காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். தைலம்மாள் தலையை ஆட்டினாள். அவளுக்கு அவளைப் பற்றிக் கவலை இல்லை. கொடுக்க முடியாமல் போனதைத்தான் தாங்க முடியவில்லை.

வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஒரு பொண்ணு இருக்குதுங்க, எழில்மதின்னு. இருவத்திரண்டு வயசு" என்றாள் தைலம்மாள்.

"பொண்ணு வேணாங்க" என்றேன். "வாழ வேண்டிய புள்ள. நான் போனா போறேன், அது மேல கத்தி வைக்க வேணாம்."

இப்போது கத்தி எல்லாம் இல்லை, வெறும் ரத்தப் பரிசோதனைதான், அதை மட்டுமாவது எடுத்துப் பார்க்கலாமே என்றார்.

அதுவும் வேண்டாம் என்றேன்.

டாக்டரம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அந்தப் பார்வையில் மரியாதை இருந்தது. தைலம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தன் ரிப்போர்ட்டைக் கேட்டபோதுகூட அவள் அழவில்லை.

இரண்டு பேரும் என்னை நல்ல அப்பன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

எழில்மதி பன்னிரண்டாவது முடித்ததிலிருந்து வெட்டுக்குத்தான் போகிறாள். என் ஆட்களோடு ஆளாக, ஐந்து வருஷமாக.

கத்திக்கு நான் பயப்படவில்லை. அவள் பெயரில் என்ன எழுதி வரும் என்றுதான் பயந்தேன்.

இன்று காலை இடுப்பு வலிக்கிறது என்றாள். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். தண்ணீர் வேண்டாம்பா என்று சொல்லி, வெறும் வாயிலேயே விழுங்கிவிட்டு வெட்டுக்குப் போனாள்.