மவுஸ் தொடாத கை

"வேண்டவே வேண்டாம் சார். பழைய சாஃப்ட்வேரே இருக்கட்டும்."

பக்கம் வடிவமைக்கிற லே-அவுட் அக்கா மூன்றாவது முறையாகச் சொன்னதும் ஆசிரியருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏம்மா, எல்லாப் பத்திரிகையும் மாறியாச்சு. நாம மட்டும் இதையே கட்டிக்கிட்டு அழணுமா?"

"ஒரே ஒரு வருஷம் சார். அப்புறம் எதை வேணா வாங்குங்க."

"ஒரு வருஷத்துல நீங்க கத்துக்கப் போறீங்களாக்கும்!"

அக்கா வெளியே போனாள்.

புது சாஃப்ட்வேர் விற்க வந்தவர் பத்தே நிமிடத்தில் நாலு பக்கம் போட்டுக் காட்டினார். போகிற போக்கில், "இனிமே லே-அவுட்டுக்கு ஒரு ஆள் போதும்" என்றும் சொல்லிவிட்டார். முதலாளி காதில் அது மட்டும்தான் விழுந்தது. இருக்கிற இரண்டு பேரில் யாரை அனுப்புவது என்ற பாவத்தை ஆசிரியர் தலையில் கட்டிவிட்டார்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இன்னொருவர் பியானோ. அது ஆபீஸ் வைத்த பேர். மனுஷன் மவுஸைத் தொடவே மாட்டார். பத்து விரலும் கீபோர்டில் ஓடும், பக்கம் வந்து விழும். யார் வந்தாலும் ஆசிரியர் அவர் பின்னால் கொண்டுபோய் நிறுத்தி, "பாருங்க வித்தையை!" என்பார். அவர் போட்ட பக்கத்தில் ஒரு பிழை வந்ததில்லை. மகளுக்குக் கல்லூரியில் கடைசி வருஷம். இந்த வேலை போனால் குடும்பம் நடுத்தெருவில்தான்.

அக்காவோ சரியான ஆமை. எல்லோரும் சாப்பிடப் போனாலும் அவள் மட்டும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மவுஸை உருட்டிக்கொண்டிருப்பாள். கேட்டால், "பக்கம் படிச்சுக்கிட்டிருக்கேன் சார்" என்பாள்.

இருந்தாலும் நாளைக்கு யாரும் நாக்கு மேல் பல் போட்டுப் பேசக் கூடாதே! ஆசிரியர் ஒரு போட்டி வைத்தார். ஆளுக்கு ஒரு பக்கம், புது சாஃப்ட்வேரில். முதலில் முடிக்கிறவருக்கு வேலை, மற்றவர் வீட்டுக்கு.

ஒரு வாரம் பாடம் நடந்தது. பியானோ கடைசி நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். இவருக்கு எதற்குப் பாடம் என்று ஆசிரியர் சிரித்துக்கொண்டார்.

போட்டியன்று தனித்தனி அறை. அக்கா எட்டிப் பார்த்துக் காப்பியடித்துவிட்டால்? வேலைநீக்கக் கடிதத்தில் ஆசிரியர் அவள் பேரையே டைப் செய்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இருபதாவது நிமிடம் அக்காவின் அறைக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பக்கம் தயார். மூன்று பத்தி, நடுவில் படம். ஒரு வரிகூடப் பிசகவில்லை.

"அடேங்கப்பா! இவ்வளவு தெரிஞ்சு வெச்சுக்கிட்டா வேண்டாம்னு அடம் பிடிச்சீங்க?"

அக்காவுக்குக் கண் கலங்கியிருந்தது. "அவர் முடிச்சிட்டாரா சார்?"

"அவருக்கென்ன, எப்பவோ முடிச்சிருப்பார்."

"என்னை அஞ்சு நிமிஷம் அவர் பக்கத்துல உட்கார விடுங்க சார். கெஞ்சிக் கேட்கறேன்."

"அதெல்லாம் நடக்காது. போட்டின்னா போட்டிதான்."

ஆசிரியர் விறுவிறுவென்று அடுத்த அறைக்குப் போனார்.

பியானோ கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். பத்து விரலும் கீபோர்டின் மேல் அசையாமல் கிடந்தன. திரையில் வெறும் வெள்ளைப் பக்கம்.

காலடிச் சத்தம் கேட்டதும், திரும்பாமலே சொன்னார்.

"வந்துட்டீங்களா அக்கா? பழசுல இருந்த ஷார்ட்கட் கீ ஒண்ணுகூட இதுல இல்லை. மவுஸ் அம்பு எங்கே நிக்குதுன்னு சொல்லுங்க, எனக்குத்தான் திரையே கண்ணுக்குத் தெரியாதே... வழக்கம்போல என் பக்கத்தை ஒரு தடவை படிச்சுத் திருத்திக் கொடுத்துடுங்கக்கா, ஆசிரியர் வர்றதுக்குள்ள."